புது ஃபோர்செப்ஸில் பழுப்புப் புள்ளி: ஸ்டீல் மட்டமா, கழுவுற முறை சரியில்லையா?

நிலா_டென்டல்

வணக்கம். திண்டுக்கல் பக்கம் சின்னதா ஒரு பல் கிளினிக் நடத்துறேன். ஒரே சேர், ஒரு உதவியாளர். ஆரம்பிக்கும்போதே பல் பிடுங்குற எக்ஸ்ட்ராக்‌ஷன் ஃபோர்செப்ஸ், பல்லை நெம்புற எலிவேட்டர், ரத்தக் குழாயைப் பிடிக்கிற ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், தையல் ஊசி பிடிக்கிற நீடில் ஹோல்டர் எல்லாம் புது செட்டா எடுத்தேன். இப்போ பாதி ஃபோர்செப்ஸில் ஜாயிண்ட் பக்கம் பழுப்புப் புள்ளி வந்திருக்கு. மவுத் மிரர் கைப்பிடியில வெள்ளையா ஒரு படலம். ஒரு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸைத் திறக்கவே விரல் வலிக்குது.

கடைக்காரரைக் கேட்டா, "நடுத்தர ரகம்தானே மேடம் வாங்கினீங்க, அடுத்த தடவை ஜெர்மன் செட் எடுங்க" என்கிறார். காந்தம் வச்சுப் பார்த்தேன், நல்லா ஒட்டுது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டக்கூடாதுன்னுதானே சொல்வாங்க?

இப்போ இருக்கிற முறை இதுதான்: வேலை முடிஞ்சதும் ஹைப்போகுளோரைட் கலந்த டப்பாவில் போட்டு வைப்போம். மதிய இடைவேளையில் மொத்தமா எடுத்து, சோப்புத் தண்ணியில் பிரஷ் போட்டு, போர் தண்ணியில் அலசி, காகிதப் பவுச்சில் போட்டு ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்குற மெஷின்). இதில் எதை மாத்தணும்?

சிஎஸ்எஸ்டி_செல்வம்

டாக்டர், முதல்ல காந்தத்தை முடிச்சிடலாம். வெட்டுற, கடிச்சுப் பிடிக்கிற கருவிக்கு ஸ்டீல் கடினமா இருக்கணும். அதுக்கு 420 மாதிரி ரகம் போடுவாங்க. கார்பன் கூட, குரோமியம் 12-14 சதவீதம், நிக்கல் கிடையாது. அந்த ரகத்தில் காந்தம் ஒட்டத்தான் செய்யும், ஜெர்மனியில டுட்லிங்கன்ல செஞ்சாலும் ஒட்டும், பாகிஸ்தான்ல சியால்கோட்ல செஞ்சாலும் ஒட்டும். காந்தம் ஒட்டாதது கிண்ணம், ட்ரே செய்யுற 304 ரகம். அதுல ஃபோர்செப்ஸ் செஞ்சா முனை வளைஞ்சு போயிடும். காந்தத்தை வச்சு போலின்னு முடிவு பண்ணிடாதீங்க.

அடுத்து புள்ளி. சாதாரண பென்சில் ரப்பர் எடுத்துத் தேய்ச்சுப் பாருங்க. புள்ளி அழிஞ்சு, அடியில ஸ்டீல் வழவழன்னு இருந்தா அது கறை, கருவி நல்லாத்தான் இருக்கு. அழிஞ்ச இடத்துல நுண்ணுசா குழி தெரிஞ்சா அது துரு. லென்ஸ் வச்சுப் பாருங்க, வெறும் கண்ணுக்குத் தப்பிடும். குழி விழுந்ததை ஒதுக்கிடுங்க. அந்தக் குழிக்குள்ள பிரஷ் போகாது. அதே ட்ரேயில நல்ல கருவிகளோட வச்சா அதுங்களுக்கும் துரு தாவும்.

காரணம் பெரும்பாலும் உங்க டப்பாதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை துருவிலேர்ந்து காப்பாத்துறது மேல இருக்கிற குரோமியம் ஆக்ஸைடு படலம். கண்ணுக்கே தெரியாத மெல்லிசு. அதை ஓட்டை போடுறதுல முதல் ஆள் குளோரைடு. ஹைப்போகுளோரைட் அப்படித்தான். சலைன் உப்புக் கரைசலும் அப்படித்தான். ரத்தத்துல இருக்கிற உப்பும் அப்படித்தான். காலையில போட்டு மதியம் எடுத்தா, அத்தனை மணி நேரமும் படலம் அரிச்சுக்கிட்டே இருக்கு. ஜாயிண்ட்ல தண்ணி தேங்குறதால புள்ளி அங்கதான் முதல்ல வரும்.

இப்படி மாத்திப் பாருங்க. வேலை முடிஞ்ச உடனே, சேர் பக்கத்துலயே ஈர காஸ் துணியில துடைச்சுடுங்க. உடனே கழுவ முடியலைன்னா ஈரத் துணி மூடியோ, முன்-சுத்தம் பண்ற ஸ்பிரே அடிச்சோ காயாம வைங்க. காய்ஞ்ச ரத்தத்தோட மல்லுக்கட்டுறது வீண் வேலை. அப்புறம் குளிர்ந்த தண்ணியில ஒரு அலசு. வெந்நீர் வேண்டவே வேண்டாம். முட்டை பொரிச்ச சட்டியை வெந்நீர்ல கழுவினா எப்படி ஒட்டிக்குமோ, ரத்தப் புரதமும் அப்படியே ஒட்டிக்கும். அதுக்கப்புறம் என்சைம் கரைசல், பாட்டிலில் போட்டிருக்கிற அளவு, போட்டிருக்கிற நேரம். கண் அளவுல ஊத்தக்கூடாது, அளவுக் குவளை வச்சுக்கோங்க. கருவியைத் தண்ணிக்கு அடியில வச்சே நைலான் பிரஷ் போடுங்க, மேல தூக்கித் தேய்ச்சா முகத்துல தெறிக்கும். கம்பி பிரஷ், ஸ்காட்ச் பிரைட் நாரு ரெண்டும் கூடாது, அந்தப் படலத்தையே சுரண்டிடும். ஜாயிண்டை முழுசா திறந்து, ராச்செட் (கைப்பிடியைப் பூட்டுற பல் வரிசை) பல்லை ஒவ்வொண்ணா தேயுங்க.

கழுவாம ஆட்டோகிளேவ்ல வச்சா அழுக்கு வெந்து கெட்டியாகும், அவ்வளவுதான். அடியில உயிரோட இருக்கிறதை நீராவி தொடாது. நான் இதை ஒவ்வொரு புது ஆளுக்கும் முதல் நாளே சொல்றேன்.

ஓய்வுபெற்ற_ஸ்டாஃப்நர்ஸ்

செல்வம் தம்பி சொல்வதில் ஒரு இடத்தில் எனக்குக் கேள்வி உண்டு. அரசு மருத்துவமனையில் பிரசவ அறையில் நாங்கள் கற்றதும், பிறகு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததும் இதுதான்: பயன்படுத்திய கருவி எதுவானாலும் முதலில் 0.5 சதவீத குளோரின் கரைசலில் 10 நிமிடம். அதன் பிறகுதான் கழுவுவது. கழுவுகிறவருக்கு ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை தொற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி. அதை எடுத்துவிட்டால் கழுவுகிற ஆயாவின் கையை யார் பாதுகாப்பது?

இன்னொன்று. அந்தக் காலத்தில் எல்லாம் டிரம்தான், பக்கத்தில் துளை வைத்த உலோகப் பெட்டி. ட்ரே, துணி, காஸ் எல்லாவற்றையும் டிரம்மில் அடுக்கி, பக்கத் துளைகளைத் திறந்து ஆட்டோகிளேவில் ஏற்றுவோம். வெளியே எடுத்த கையோடு துளையை மூட வேண்டும். மூட மறந்த டிரம்மை சிஸ்டர் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். இப்போது பவுச் வந்துவிட்டதால் அந்தக் கவனம் குறைந்துவிட்டதோ என்று எனக்குக் கவலை.

சிஎஸ்எஸ்டி_செல்வம்

அம்மா, உங்க கவலை நியாயம். ஆனா 2016-ல உலக சுகாதார நிறுவனம் கருவிகளைச் சுத்தம் பண்றது பத்தி வெளியிட்ட கையேடு, கழுவுறதுக்கு முன்னாடி கிருமிநாசினியில ஊறப்போடறதை வேண்டாம்னு சொல்லிடுச்சு. ரத்தம் பட்ட உடனே குளோரினோட வீரியம் செத்துடும், அதனால "கிருமி போயிடுச்சு"ன்னு நம்பி வெறுங்கையால எடுக்கிறவங்களுக்குத்தான் ஆபத்து கூடுது. கருவியும் அரிக்குது. டப்பாவைத் தூக்கிட்டுப் போகும்போது சிந்துற தண்ணியும் ஒரு தொல்லை. கழுவுறவங்க கையைக் காப்பாத்த வேண்டியது தடிமனான ரப்பர் கிளவுஸ், ஏப்ரன், கண் கவசம். பரிசோதனை கிளவுஸ் போட்டுக்கிட்டுக் கழுவக்கூடாது, புரோப்னு சொல்ற கூர்கருவியோட முனை ஒரு செகண்ட்ல கிழிச்சிடும்.

குளுட்டரால்டிஹைடு கிருமிநாசினியிலயும் இதே கதை. 2 சதவீதக் கரைசல், கழுவாத கருவியை அதுல போட்டா ரத்தம் ஸ்டீலோட இறுகிடும். திசுவைக் கெட்டிப்படுத்த ஆய்வகத்துல பயன்படுத்துற ரசாயனமே அதுதான். நல்லாக் கழுவின கருவியா இருந்தாலும், அதுல ஸ்டெரைல், அதாவது ஒரு கிருமியும் மிச்சமில்லாம, ஆகணும்னா 10 மணி நேரம் மூழ்கி இருக்கணும். 20 நிமிஷம் வச்சு எடுத்தா உயர்மட்ட கிருமிநீக்கம் மட்டும்தான். சூடு தாங்குற ஃபோர்செப்ஸுக்கு அது எதுக்கு?

டிரம் பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. அந்த ஒழுக்கம்தான் இப்பவும் வேணும்.

பயோமெட்_ராகவ்

வெள்ளைப் படலத்துக்கு வர்றேன். அது போர் தண்ணியோட கால்சியம், மெக்னீசியம். திண்டுக்கல் போர் தண்ணியில அலசிக் காய வச்சா தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் நிக்கும். அதே கருவி ஆட்டோகிளேவுக்குள்ள போனா படலம் சேம்பர் சுவர்லயும் ஏறும்.

கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆர்.ஓ. தண்ணியோ டிஸ்டில்டு வாட்டரோ வச்சுக்கோங்க. முதல் அலசு எந்தத் தண்ணியா இருந்தாலும் பரவாயில்ல.

ஆட்டோகிளேவுக்கு என்ன தண்ணி ஊத்துறீங்கன்னு நீங்க எழுதல. பல கிளினிக்ல குடிக்கிற கேன் தண்ணிதான் ஊத்துறாங்க. கேன் தண்ணியில சுவைக்காக தாது உப்பு விட்டு வைப்பாங்க. சின்ன ஸ்டெரிலைசருக்கான ஐரோப்பிய தரம் கேக்குறது, மின்கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 15 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழ. பேனா அளவுல, தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிற ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி முக்கிப் பாருங்க, எந்தத் தண்ணி எப்படின்னு அங்கயே தெரிஞ்சிடும். ஹீட்டர் காயில், சோலனாய்டு வால்வு ரெண்டும் அடைச்சு சர்வீஸுக்கு வர்ற மெஷின்ல பெரும்பாலானதுக்குத் தண்ணிதான் காரணம். ரிசர்வாயரை வாரம் ஒரு தடவை காலி பண்ணிக் கழுவுங்க. டோர் கேஸ்கெட்டை தினமும் ஈரத்துணியில துடைங்க, ஒரு முடி ஒட்டியிருந்தாலும் நீராவி கசியும்.

மூத்த_பல்வைத்தியர்

படிக்கப் படிக்க மலைப்பாக இருக்கிறது. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் கிளினிக்கில் இருந்தது ஒரு கொதிகலன். கருவியைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஃபோர்செப்ஸால் எடுத்து வேலை செய்வோம். பிறகு யு.வி. சேம்பர் வந்தது, அதில் வைத்தோம். அந்தக் காலத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சின்ன ஊரில் குறைந்த கட்டணத்தில் பல் எடுக்கும் மருத்துவரிடம் என்சைம், ஆர்.ஓ. என்று அடுக்கினால் அவர் கட்டணத்தை ஏற்ற வேண்டும், அல்லது கடையை மூட வேண்டும். ஏழை நோயாளி எங்கே போவார்? தரம் பேசுகிறவர்கள் இதையும் பேச வேண்டும்.

வேலூர்_மருத்துவர்

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்பதை நாம் எப்படித் தெரிந்துகொள்வது? ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதற்குள் நோயாளிக்குப் பல் எடுத்த நாள்கூட நினைவில் இருக்காது. கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது, ஸ்போர்கள் (சில பாக்டீரியாக்களின் கெட்டி ஓட்டு உறக்க வடிவம்) அதில் பிழைத்துக்கொள்ளும். யு.வி. ஒளி நேராகப் படும் மேற்பரப்பை மட்டும்தான் தொடும். ஃபோர்செப்ஸின் உள்வாய், ஜாயிண்ட் எல்லாம் நிழல். ஏற்கெனவே ஸ்டெரைல் ஆனதை வைத்துக்கொள்ளும் பெட்டியாக வேண்டுமானால் இருக்கட்டும்.

நம் பக்கத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2022-23இல் திருப்பத்தூர் மாவட்டத்தில் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா நோயின் பாதிப்புகள் அடுத்தடுத்து வந்தன. வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடையவர்கள் 10 பேர். அதில் 8 பேர் இறந்துபோனார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் மற்ற ஆய்வாளர்களும் தேடிப்போனபோது, பயன்பாட்டில் இருந்த சலைன் பாட்டிலில் அந்தக் கிருமி கிடைத்தது. ஸ்டெரைல் செய்யாத பெரியாஸ்டியல் எலிவேட்டரால் (ஈறை விலக்கும் கருவி) பாட்டிலைத் திறப்பது, லேசாக மூடி வைப்பது, அடுத்தடுத்த நோயாளிகளுக்கு அதையே ஊற்றுவது, இதுதான் அங்கே வழக்கமாக இருந்தது. ஆய்வு 2025இல் லான்செட்டின் தென்கிழக்கு ஆசிய இதழில் வெளிவந்தது. புர்கோல்டீரியா சூடோமல்லை என்ற அந்தக் கிருமி மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியா. ஒரு சாதாரண எலிவேட்டர், ஒரு பாட்டில் சலைன். இது போதுமானதாக இருந்தது.

துருவைப் பற்றி இந்த இழை தொடங்கியதால் இன்னொன்று. 2013இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம் துல்சாவில் ஒரு வாய் அறுவை மருத்துவரின் கிளினிக்கில் துருப்பிடித்த கருவிகள் கண்டெடுக்கப்பட்டன. ஆட்டோகிளேவுக்குப் பல ஆண்டுகளாக ஸ்போர் சோதனை நடக்கவே இல்லை. சுமார் 7000 நோயாளிகளை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு ஹெபடைடிஸ் சி போனது மரபணு ஆய்வில் உறுதியானது. அந்த நாட்டில் பல் மருத்துவத்தில் அப்படிப் பதிவான முதல் நிகழ்வு அது.

ஏழை நோயாளிக்காகப் பேசுகிறீர்கள். வாணியம்பாடியில் போனவர்களும் சாதாரண மக்கள்தான், ஐயா.

மூத்த_பல்வைத்தியர்

வாணியம்பாடி விவரம் இவ்வளவு தெரியாது. மனதைப் பிசைகிறது. சலைன் விஷயத்தில் மறுபேச்சே இல்லை: சின்ன பாட்டில், ஒரு நோயாளிக்கு ஒன்று, மீதியைக் கொட்டிவிட வேண்டும். கொதிகலனுக்காக நான் வாதாட வரவில்லை, என்னிடம் இப்போது ஆட்டோகிளேவ்தான் இருக்கிறது. ஆனால் கட்டணம் பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது. குறைந்த செலவில் சரியாகச் செய்ய வழி இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

மலைக்கிளினிக்

அதையே நானும் கேக்க வந்தேன். ஊட்டியில இருக்கேன். குக்கர் டைப் ஆட்டோகிளேவ்தான். 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் வந்ததும் 20 நிமிஷம் விடுறேன், பேக் மேல ஒட்டுற டேப்ல கோடு கறுப்பாகுது. இது போதும்தானே?

பயோமெட்_ராகவ்

சார், ஊட்டியில போதாது. கொஞ்சம் விளக்கமா சொல்றேன், மூத்தவர் கேட்டதுக்கும் இதுலயே பதில் இருக்கு.

கிருமியைக் கொல்றது பிரஷர் இல்ல, காத்து கலக்காத நீராவியோட சூடு. பிரஷர் அந்தச் சூட்டுக்குக் கொண்டு போற வழி. அழுத்தம் அளக்கிற கேஜ் காட்டுறது வெளிக் காத்தழுத்தத்துக்கு மேல எவ்வளவு கூடன்னு மட்டும்தான். கடல் மட்டத்துல 15 காட்டினா உள்ள 121 டிகிரி. ஊட்டி 2240 மீட்டர் உயரம், அங்க வெளிக் காத்தழுத்தமே 11 பி.எஸ்.ஐ. சுமார்தான், தண்ணியே 92, 93 டிகிரியில கொதிச்சிடும். அதனால உங்க கேஜ்ல 15 வந்தாலும் உள்ள சுமார் 117 டிகிரிதான். 121 வேணும்னா கேஜ் 18.5 கிட்ட காட்டணும். உங்க மெஷினோட வெயிட் வால்வும் சேஃப்டி வால்வும் அந்த அழுத்தத்துக்குச் செஞ்சதான்னு கம்பெனியில கேட்டுட்டுத்தான் தொடணும். நீங்களா வெயிட் ஏத்திடாதீங்க. தாங்காதுன்னா, சூட்டை அளந்து ஓடுற மெஷினா மாத்துறதுதான் வழி.

இதைவிடப் பெரிய விஷயம் காத்து. மூடினதும் உள்ள இருக்கிற காத்தை முழுசா வெளியேத்தணும். 15 பி.எஸ்.ஐ.-யில காத்து மொத்தமும் போயிருந்தா 121 டிகிரி. பாதி காத்து உள்ள நின்னா 112. காத்தே போகலைன்னா 100. மூணுலயும் கேஜ் ஒரே மாதிரி 15 காட்டும்! அதனால வால்வைத் திறந்து வச்சு, விட்டு விட்டு வர்ற நீராவி நின்னு, இடைவிடாம சீறி வர்ற வரைக்கும் பொறுத்து, அப்புறம்தான் மூடணும். அவசரத்துல இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. நேரம் எண்ண ஆரம்பிக்கிறதும் சூடு வந்த பிறகுதான். 121 டிகிரியில, துணி சுத்தின பேக்கா இருந்தா இந்த மாதிரி மெஷின்ல 30 நிமிஷம்னு அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. சொல்லுது.

டேப் கறுத்தது "இந்தப் பேக் சூட்டுக்குள்ள போயிட்டு வந்துச்சு"ன்னு மட்டும்தான் சொல்லும். பேக் உள்ள நிறம் மாறுற இண்டிகேட்டர் பட்டை போடுங்க, டைப் 5 இண்டிக்ரேட்டர் நல்லது. அது நேரம், சூடு, நீராவி மூணையும் சேர்த்துப் பார்க்கும். வாரம் ஒரு தடவை ஸ்போர் வயல். ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ் ஸ்போர் உள்ள சின்னக் குப்பி. நீராவி போக கஷ்டப்படுற இடத்துல, வழக்கமான லோடுக்கு நடுவுல வைங்க. சைக்கிள் முடிஞ்சதும் உடைச்சு, 55-60 டிகிரி இன்குபேட்டர்ல வச்சுப் பாருங்க. ஊதா மஞ்சளாச்சுன்னா ஸ்போர் பிழைச்சிருக்கு, அந்த லோடு எதையும் நோயாளிக்குத் தொடக்கூடாது. ஆட்டோகிளேவ்ல வைக்காத அதே பேட்ச் வயல் ஒண்ணையும் கூடவே வைக்கணும், அது மஞ்சளாகியே தீரணும். ஆகலைன்னா குப்பியே செத்தது, சோதனைக்கு மதிப்பில்ல.

மூத்தவருக்கு: குக்கர் டைப் வச்சிருக்கிறவங்க வேலையை மூடவேண்டாம். என்சைமும் பிரஷ்ஷும் பெரிய செலவு இல்ல. காத்தை வெளியேத்துறதுக்குக் காசே ஆகாது. ஆனா அந்த மெஷினோட எல்லையும் தெரியணும். சின்ன ஸ்டெரிலைசரை ஐரோப்பிய தரத்துல என், எஸ், பி-ன்னு மூணா பிரிப்பாங்க. என் வகை வெறுமனே வச்ச, உள்ளே துளை இல்லாத கருவிக்கு, உடனே எடுத்துப் பயன்படுத்தத்தான். பவுச் போட்டது, பல் குடையுற ஹேண்ட்பீஸ் மாதிரி உள்ளே குழாய் உள்ளது, இதுக்கெல்லாம் வாக்யூம் போட்டுக் காத்தை இழுக்கிற பி வகை வேணும். 134 டிகிரியில 3 நிமிஷத்துக்கு மேல பிடிச்சு, அப்புறம் உலர்த்தியும் கொடுத்துடும். எஸ் வகை தயாரிப்பாளர் எதுக்குன்னு எழுதிக் கொடுத்தாரோ அதுக்கு மட்டும். நாலு கிளினிக் சேர்ந்து ஒரு பி மெஷின் வச்சுக்கிறதைப் பத்தி யோசிக்கலாம், நான் அமைச்சுத் தரத் தயார்.

யாழ்_லண்டன்

நான் லண்டன்ல டென்டல் நேர்ஸ். நிலா டொக்டர் கேட்டதால எங்கட முறையையும் எழுதுறன். இங்கிலாந்துல எச்.டி.எம். 01-05 எண்ட வழிகாட்டியைத்தான் பின்பற்றுறனாங்கள். கையால கழுவேக்க தண்ணி 45 டிகிரிக்கு மேல போகக் கூடாது, தெர்மாமீட்டர் போட்டுப் பாக்கோணும். கழுவின பிறகு, வெளிச்சம் உள்ள பெரிய லென்ஸுக்குக் கீழ ஒவ்வொரு கருவியையும் பாத்துத்தான் அடுத்த மேசைக்கு விடுவம். அழுக்கு எண்டால் திரும்பவும் முதலில இருந்து. பல் காரை எடுக்கிற ஸ்கேலர் முனையும், ஃபோர்செப்ஸ் வாயிலுள்ள வரிகளும்தான் எப்பவும் பிடிபடுற இடம்.

அழுக்கும் சுத்தமும் ஒரே பாதையில சந்திக்கக் கூடாது. அறை சின்னன் எண்டாலும் சரி, ஒரு பக்கம் அழுக்கு வரும், மற்றப் பக்கம் சுத்தமாப் போகும். பவுச்சில திகதி எழுதுவம். சுத்தி வைச்சது ஒரு வருசம் வரைக்கும் வைக்கலாம், கிழிஞ்சால், நனைஞ்சால் உடனே திரும்ப. பல் வேர்க்குழாய் சுத்தம் செய்யிற எண்டோ ஃபைல் இங்க 2007 தொடக்கம் ஒருக்கால் பாவிச்சு எறியிறது மட்டும்தான், பிரியான் (மூளையைத் தாக்குற, லேசில அழியாத புரதம்) பயத்தால. அந்தச் சின்ன வரிகளுக்குள்ள இருக்கிறதை முழுசாக் கழுவி எடுக்கிறது கஷ்டம்தானே.

உலராமல் வெளிய வாற பவுச்சை நாங்கள் ஸ்டெரைல் எண்டு எடுக்கிறதில்ல. ஈரக் கடதாசி வழியா கிருமி உள்ள போயிடும்.

நிலா_டென்டல்

எல்லாருக்கும் நன்றி. ரப்பர் போட்டுப் பார்த்தேன். பாதி கறைதான், அழிஞ்சிடுச்சு. ரெண்டு ஃபோர்செப்ஸில் குழி இருக்கு, எடுத்து வச்சுட்டேன். குளோரின் டப்பாவை நிறுத்தியாச்சு. ஆட்டோகிளேவுக்குக் கேன் தண்ணிதான் ஊத்திட்டிருக்கோம், அதையும் மாத்துறேன்.

ஏரோட்டர் ஹேண்ட்பீஸ் பத்திச் சொல்லுங்க. ஸ்பிரிட் வச்சுத் துடைச்சாப் போதும்னு கூடப் படிச்சவங்க பலர் சொல்றாங்க. தினமும் ஆட்டோகிளேவ்ல வச்சா பேரிங் போயிடும்னும் சொல்றாங்க.

பயோமெட்_ராகவ்

துடைச்சாப் போதாது. உள்ள காத்துல சுத்துற டர்பைன் சக்கரம் நிக்கும்போது எதிர்ச்சுழற்சியில எச்சிலும் ரத்தமும் உள்ள இழுக்கப்படும், வெளியே துடைக்கிறது உள்ளே எப்படிப் போகும்? ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில ஹேண்ட்பீஸை சூட்டுல ஸ்டெரைல் பண்ணணும்னு சி.டி.சி. 2003-லயே சொல்லியாச்சு.

பேரிங் போறது பெரும்பாலும் சூட்டால இல்ல, எண்ணெய் போடாம ஏத்துறதால. வாயிலேர்ந்து எடுத்ததும் 20-30 செகண்ட் தண்ணியும் காத்தும் ஓடவிடுங்க. வெளிப்புறம் பிரஷ் போட்டு அலசுங்க. அல்ட்ராசோனிக் தொட்டியில முக்காதீங்க. பின்பக்கத் துளையில, எண்ணெய் ஸ்பிரே முனையைப் பொருத்தி, தலைப்பக்கம் தெளிவா வர்ற வரை அடிங்க. முதல்ல கறுப்பா வரும், அது உள்ளே தேய்ஞ்ச தூசும் பழைய எண்ணெயும். மிச்ச எண்ணெயை ஓடவிட்டு வெளியேத்தி, ஃபைபர் ஆப்டிக் இருந்தா அதன் முகத்தை ஸ்பிரிட் தொட்ட காஸால துடைச்சு, பவுச், பி சைக்கிள். சூடா எடுத்ததும் குழாய்த் தண்ணியில காட்டி ஆறவைக்கிற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க, பேரிங் அதுலதான் போகும்.

உதவியாளர்_மாலா

டாக்டருங்க எல்லாம் பேசறீங்க, கழுவுறது நாங்க. ஒண்ணு சொல்லிக்கிறேன்.

முன்னாடி வேலை பார்த்த ஒரு கிளினிக்குல மூணு செட்தான். சாயங்காலம் வரிசையா நோயாளி உட்கார்ந்திருப்பாங்க. "மாலா, ட்ரே ரெடியா"ன்னு உள்ளேர்ந்து குரல் வரும். அப்போ ஊறவைக்க நேரம் எங்க இருக்கு, லென்ஸ்ல பார்க்க நேரம் எங்க இருக்கு? உலர்த்துற கட்டம் முடியறதுக்கு முன்னாடி கதவைத் திறன்னு சொல்வாங்க. தண்ணி சொட்டுற பவுச்சைத்தான் எடுத்துட்டு ஓடுவேன். எனக்கும் தெரியும் தப்புன்னு. கண்ணுல தெறிக்கும், கண்ணாடி கேட்டா "பார்த்துக்கலாம்". ஹெபடைடிஸ் பி ஊசி எனக்குப் போட்டாங்களான்னு யாரும் கேட்டதில்ல.

இப்ப இருக்கிற இடத்துல செட் கூட வாங்கிப் போட்டாங்க. அன்னையிலேர்ந்து அவசரமே இல்ல. ட்ரே குறைஞ்சா டாக்டரே அடுத்த நோயாளிகிட்ட கொஞ்சம் பொறுங்கன்னு சொல்றாங்க. கிளவுஸ், கண்ணாடி, ஊசி மூணும் கிடைச்சது. வேலை சரியா நடக்கணும்னா முதல்ல செட்டை எண்ணிப் பாருங்க, அப்புறம் மெஷினைப் பாருங்க.

ஓய்வுபெற்ற_ஸ்டாஃப்நர்ஸ்

மாலா, நீ எழுதியதை எல்லா மருத்துவர்களும் படிக்க வேண்டும் அம்மா. நான் கேட்ட கேள்விக்கும் பதில் உன்னிடம்தான் இருந்தது.

நிலா_டென்டல்

மாலா, மனசுல பட்டுச்சு. எங்க உதவியாளருக்கு ஹெபடைடிஸ் பி முதல் ஊசி இன்னைக்குப் போட்டாச்சு, மூணும் முடிஞ்சதும் ஆன்டிபாடி பார்க்கணும்னு குறிச்சு வச்சிருக்கேன். புது மிரர்-புரோப் செட் ஆர்டர் போட்டிருக்கேன், நடுத்தர ரகமேதான்.

செல்வம் அண்ணா, கடைசியா அந்த ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டா சரியாகுமா?

சிஎஸ்எஸ்டி_செல்வம்

மெஷின் எண்ணெய் வேண்டாம் டாக்டர், தேங்காய் எண்ணெய், பாரஃபினும் வேண்டாம். எண்ணெய்ப் படலத்துக்குள்ள நீராவி நுழையாது, ஜாயிண்டுக்குள்ள இருக்கிறது பிழைச்சுக்கும். தண்ணியில கரையுற கருவி லூப்ரிகன்ட் வெள்ளையா பால் நிறத்துல கிடைக்கும். கழுவி முடிச்ச பிறகு, பேக் பண்றதுக்கு முன்னாடி, அதுல முக்கி எடுத்து வடிய விடுங்க.

அதுக்கு முன்னாடி என்சைம்ல ஊறவச்சு ஜாயிண்டைத் திறந்து மூடித் திறந்து மூடி பிரஷ் போடுங்க. பாதி கருவி அதுலயே இளகிடும், உள்ளே இருந்தது காய்ஞ்ச ரத்தமும் உப்பும்தான். பவுச்சுல போடும்போது முதல் பல்லுல கூட மாட்டாம திறந்தே வைங்க. மாட்டி வச்சா சூட்டுல விரிஞ்சு ஜாயிண்ட் விரிசல் விடும், வாய்க்குள்ளயும் நீராவி போகாது.

இளகின பிறகு ஒரு சோதனை. ராச்செட்டை முதல் பல்லுல மட்டும் மாட்டி, கைப்பிடியை உள்ளங்கையில தட்டுங்க. தானா திறந்துச்சுன்னா ராச்செட் தேய்ஞ்சிருக்கு, ரிப்பேருக்கு அனுப்புங்க. அப்புறம் வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பாருங்க. முனை ரெண்டும் சேர்ந்து, நடுவுல ஒளி கசியாம இருந்தா இன்னும் பல வருஷம் உழைக்கும்.